செருப்புக்குக் காவல் இருந்தவளும் ஓட வேண்டும்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் சுவர் இதழில் உடல்நலம் பற்றி யார் எழுதினாலும் இந்தப் பழமொழியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் ஆரம்பித்துவிட்டேன். தமிழம்மா திட்டக் கூடாது. ஆனால் நான் எழுத வந்தது சுவரைப் பற்றி இல்லை. போன வருஷம் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பற்றி.

பொங்கல் கழிந்து ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் சிறுவர் ஓட்டம் நடக்கிறது அல்லவா? ஊராட்சியும் இளைஞர் மன்றத்து அண்ணன்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். போன வருஷம்தான் முதல் தடவை. "சிறுவர்கள் உடல்நலம் காக்க ஓடுவோம்" என்று மஞ்சள் கலர் நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, டீக்கடை எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தார்கள். பள்ளி வாசலில் ஆரம்பித்து, பிள்ளையார் கோயில், பால் சொசைட்டி தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறி, மடை வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். மொத்தம் மூன்று கிலோமீட்டர். சுத்துப்பட்டு நாலு பள்ளிக்கூடமும் வந்தது. ஒரு பள்ளிக்கு ஒரு அணி, அணிக்குப் பத்துப் பேர்.

நம் பள்ளியில் முந்நூறு பேருக்கு மேல் படிக்கிறோம். (ஒன்பதும் பத்தும் சேர்த்துத் தரம் உயர்த்தின பிறகும் ஊர்க்காரர்கள் வாயில் நமக்கு "யூனியன் ஸ்கூல்" என்றுதான் பேர்.) அந்த முந்நூறு பேரில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க ஒரு புதன்கிழமை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். வேகமாக வந்த ஆறு பையன்கள், நாலு பொண்ணுங்க அணியில் சேர்ந்தோம். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. ஓட்டத்தில் பெண்களில் நாலாவதாக வந்தேன். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். இப்போதும் அதில்தான் சாப்பாடு கொண்டு வருகிறேன்.

என் பக்கத்தில் உட்காருகிற தோழி அன்றைக்கு ஓடவில்லை. எங்கள் பத்துப் பேருடைய செருப்பு, பை, தண்ணி பாட்டில் எல்லாவற்றுக்கும் அவள்தான் காவல். நாங்கள் திரும்பி வந்தபோது செருப்புகளைச் சுவர் ஓரமாக ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தாள். யார் செருப்பு எது என்று எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. "நீயும் ஓடியிருக்கலாம்ல?" என்று நான் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன். "என்னைய யாரு கூப்பிட்டா?" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு டிபன் பாக்ஸ் கையில் இருந்த சந்தோஷம் பாதி போய்விட்டது. ஏனென்றால், தேர்வு நடந்த புதன்கிழமை அவளும் ஓட வந்தாள். அவள் கொஞ்சம் பூசின உடம்பு. பாதிச் சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. (இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேர் மட்டும் போடாத" என்றாள்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஒரு பள்ளியிலிருந்து எத்தனை அணி வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பிரேயரில் தலைமை ஆசிரியை அம்மா அறிவித்தார்கள். ஆனாலும் வருகிற புதன்கிழமை பழையபடி தேர்வு வைத்து வேகமான பத்துப் பேரை எடுக்கப் போவதாகத்தான் பேச்சு அடிபடுகிறது. அது சரியில்லை என்பது என் தாழ்மையான கருத்து. அதற்காகத்தான் ஹோம்வொர்க்கை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். நோட்டீஸில் என்ன போட்டிருந்தார்கள்? உடல்நலம் காக்க. ஓடினது யார்? தினமும் சாயங்காலம் கபடியும் கோகோவும் ஆடுகிற பத்துப் பேர். அவர்கள் ஏற்கெனவே ஓடுகிறவர்கள். அந்த ஓட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஓடுவார்கள். மீதி முந்நூறு பேர் என்ன செய்தோம்? ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று கை தட்டினார்கள். பத்துப் பேர் உடம்பு நல்லா இருக்க முந்நூறு பேர் கை தட்டினால் கைக்கு வேண்டுமானால் உடற்பயிற்சி ஆகும். காய்ச்சல்காரன் திண்ணையில் படுத்துக் கிடக்க, நல்லா இருக்கிறவனுக்கு மாத்திரை கொடுத்த மாதிரிதான் இது.

அறிவியல் டீச்சரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது சில விவரங்களை எடுத்துக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது: 5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும். அது ஓட்டமாக இருக்கலாம், வேக நடையாக இருக்கலாம், சைக்கிளாக இருக்கலாம், பாண்டியாட்டமாகக்கூட இருக்கலாம். ஆனால் 146 நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 2016 வரைக்கும் சேர்த்த கணக்கைப் பார்த்தால், 11 முதல் 17 வயதில் 100-க்கு 81 பேர் அந்த அளவுக்கு அசைவதே இல்லையாம். பையன்களில் 78 பேர், பெண்களில் 85 பேர்.

"அது பட்டணத்துப் பிள்ளைங்களுக்கு. நாமெல்லாம் கிராமம், நமக்கென்ன" என்று நானும் நினைத்தேன். அதனால் போன செவ்வாய்க்கிழமை என்னுடைய ஒரு நாளை ரஃப் நோட்டில் எழுதிப் பார்த்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு நடக்க 10 நிமிடம். திரும்பி வர 10 நிமிடம், ஆனால் அது அரட்டை அடித்துக்கொண்டு வருகிற நடை, மூச்சே வாங்காது. குழாயில் தண்ணி பிடித்து வீட்டுக்கு ஆறு குடம், அது ஒரு 15 நிமிடம், அதைக் கட்டாயம் சேர்க்கலாம். பாத்திரம் தேய்த்தது, வாசல் கூட்டினது எல்லாம் வேலைதான், ஆனால் மூச்சு வாங்கவில்லை. அப்புறம் டி.வி., அம்மா செல்போனில் கொஞ்ச நேரம் (எவ்வளவு என்று எழுதமாட்டேன், அம்மா இந்தச் சுவர் இதழைப் பார்க்க வருவாங்க). தாராளமாகக் கூட்டினாலும் 35 நிமிடம் தாண்டவில்லை. போன வருஷம் டிபன் பாக்ஸ் வாங்கின எனக்கே இந்தக் கதி.

ஆறாம் வகுப்பில் இருந்தபோது இப்படி இல்லை. அப்போது சாயங்காலம் தெருவில் கல்லா மண்ணா, கண்ணாமூச்சி, நொண்டி எல்லாம் உண்டு. ஏழாம் வகுப்பில் ஒவ்வொருத்தியாக வயசுக்கு வந்தோம். ஒவ்வொருத்தியாகத் தெருவிலிருந்து காணாமல் போனோம். யாரும் நோட்டீஸ் அடித்து ஒட்டி எங்களை நிறுத்தவில்லை. "போதும் உள்ள வா" என்பார்கள், அவ்வளவுதான். இப்போது சாயங்காலம் நம் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து வீட்டுக்குள் விழுந்தால் எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் விளையாட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பு நல்லா இருக்கிறது என்றால் ஒல்லியாக இருப்பது, வேகமாக ஓடுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகஸ்டு மாதம் மருத்துவக் குழு வந்து எல்லாருக்கும் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள் இல்லையா? எங்கள் வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். என் தோழிக்கு 12.4 இருந்தது. எனக்கு 10.1. அவள் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப யாரு செருப்புக்குக் காவல்?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். இந்தத் தடவை அது நியாயமான சிரிப்பு.

நம் நாட்டில் 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்ததாக வந்திருக்கிறது. அதற்காகத்தான் வாரம் ஒரு நாள் நமக்கு அந்த நீல மாத்திரை கொடுக்கிறார்கள். அது எங்கே போகிறது என்பது வேப்பமரத்தடியைப் பார்த்தால் தெரியும். நானும் போட்டவள்தான். வாயில் வைத்த மாதிரி வைத்து, டீச்சர் திரும்பினதும் துப்பிவிடுவது. வயிற்றைப் பிரட்டுகிறது என்று காரணம் சொல்வோம். வெறும் வயிற்றில் போட்டால் பிரட்டும்தான். மத்தியானம் சாப்பிட்ட பிறகு போட்டால் அவ்வளவாகத் தெரியவில்லை, இரண்டு மாதமாகப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதோடு ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டால் சத்து நன்றாக உடம்பில் சேரும், உடனே டீ குடிக்கக் கூடாது என்று கிராம செவிலியர் அக்கா சொன்னார்கள். ஆகவே ஓட்டத்துக்கு அணி சேர்ப்பது என்றால் காலை மட்டும் பார்த்தால் போதாது.

சரி, அணியை எப்படிச் சேர்ப்பது? என் யோசனை இதுதான். முதலில் வருகிறவரை வைத்து அணியை மதிப்பிடாமல், கடைசியாக வருகிறவரை வைத்து மதிப்பிட வேண்டும். பத்துப் பேர் ஒரு அணி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பையன், ஒரு பொண்ணு. பத்தாவது ஆள் எப்போது கோட்டைத் தொடுகிறாரோ அதுதான் அந்த அணியின் நேரம். ஒன்பது பேர் முயல் மாதிரி ஓடி வந்து நின்றாலும் பத்தாவது ஆள் வரவில்லை என்றால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இது நானாகக் கண்டுபிடித்த பைத்தியக்கார யோசனை என்று நினைக்காதீர்கள். பெரிய போட்டிகளிலேயே காடு மேடுகளில் ஓடுகிற கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் அணிக்கென்று தனிக் கணக்கு உண்டு. ஒரு அணியில் கணக்கில் சேருகிறவர்கள் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை வந்த அணி ஜெயிக்கும். ஒருத்தர் முதலாவதாக வந்தும் மற்றவர்கள் எண்பதாவது, தொண்ணூறாவது என்று வந்தால் கோப்பை போய்விடும். இதை பி.டி. சார்தான் எனக்கு விளக்கினார். நான் அதையே கொஞ்சம் கூடுதலாக இழுத்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்டர்லிங் என்கிற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி. 2012-ல் அங்கே எலைன் வைலி என்ற தலைமை ஆசிரியை, பிள்ளைகள் சீக்கிரம் களைத்துப் போவதைப் பார்த்துவிட்டு, தினமும் 15 நிமிடம் எல்லாரையும் வெளியே ஓடவிட்டார். தனி உடுப்பு கிடையாது, போட்டி கிடையாது, பரிசு கிடையாது. முடிந்தவர் ஓடலாம், முடியாதவர் கொஞ்சம் நடந்து மறுபடி ஓடலாம். 15 நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு மைல் வந்துவிடும். அதனால் தினசரி மைல் என்று பேர் வைத்தார்கள். இன்றைக்கு எத்தனையோ நாடுகளில் பள்ளிகள் அதைச் செய்கின்றன. குளிரும் மழையும் உள்ள ஊரிலேயே செய்திருக்கிறார்கள். நமக்கு வெயில் மட்டும்தான் தொந்தரவு, அதுவும் காலை ஏழு மணிக்கு இல்லை.

பேச்சு மட்டும் பேசுகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதற்காக, இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் வகுப்பில் சோதனை செய்தோம். பத்துப் பேர் சேர்ந்தோம். வேகமான மூன்று பேர், நடுத்தரமாக ஐந்து பேர், ஓடமாட்டேன் என்று அடம்பிடித்த இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருத்தி யார் என்று உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை காலையில் கண்மாய் மடை வரைக்கும் போய் வந்தோம். நேரம் பார்க்க ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் அவன் அப்பா வாட்சைக் கட்டிக்கொண்டு வந்தான்.

முதல் நாள் ஒரே கூத்து. வேகமான மூன்று பேரும் (என்னையும் சேர்த்துத்தான்) சிட்டாகப் பறந்து 18 நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டோம். வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். தம்பி வாட்சை நிறுத்தவே இல்லை. "இன்னும் ஆள் வரலைக்கா" என்றான். 20 ஆச்சு, 25 ஆச்சு. கடைசி ஆள் வரும்போது 36 நிமிடம். எங்களுக்கு ஒரே கடுப்பு. அப்போது ஒரு நடுத்தர ஓட்டக்காரி சொன்னாள்: "இங்க உக்காந்து கடலை திங்கிறதுக்கு, அவங்ககூட ஓடியிருந்தா என்ன?"

அடுத்த சனிக்கிழமை அப்படியே செய்தோம். ஓட முடியாத இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஆளுக்கு ஒருவர். இரண்டு நிமிடம் மெல்ல ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி இரண்டு நிமிடம் ஓட்டம். ஓடும்போது ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிய வேண்டும், வார்த்தை திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், அப்போது குறைத்துவிட வேண்டும். இது பி.டி. சார் சொல்லிக் கொடுத்தது. என் தோழிக்கு நான்தான் ஜோடி. ஓடிக்கொண்டே வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். பதினேழாம் வாய்ப்பாட்டில் அவள் திக்கினாள், அது மூச்சினால் இல்லை, எப்போதும் திக்குவாள். மடையில் திரும்பும்போது ஒரு கொக்குக் கூட்டம் பறந்தது. போன வருஷமும் இதே வழியில்தான் ஓடினேன், கொக்கு இருந்ததா இல்லையா என்று ஞாபகமே இல்லை.

அன்றைக்குக் கடைசி ஆள் வந்தது 29 நிமிடத்தில். ஒரே வாரத்தில் யாருக்கும் கால் வேகமாகிவிடாது. ஏழு நிமிடம் குறைந்தது கூட ஓடினதால்தான்.

இதற்கு எதிராக என்னென்ன சொல்வார்கள் என்றும் தெரியும். "சுழற்கோப்பை வேணுமா வேணாமா?" என்பது முதல் கேள்வி. பக்கத்து ஊர்ப் பள்ளிகள் வேகமான ஆட்களைத்தான் அனுப்பும், கோப்பை அவர்களுக்குப் போகும், உண்மைதான். கோப்பைக்கு ஒரு அணி போகட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகமாக ஓடுகிறவனை மெதுவாக ஓடச் சொல்வதும் பாவம்தான். எத்தனை அணி வேண்டுமானாலும் வரலாம் என்று சொன்ன பிறகும் அந்த ஒரே அணியோடு நிறுத்திக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். முந்நூறு பேரில் ஐந்து அணி சேர்ந்தால் ஐம்பது பேர். கடைசி ஆள் கணக்குப்படி ஜெயிக்கிற அணிக்கு ஊர் கோப்பை தராவிட்டால் பரவாயில்லை. நம் பள்ளியிலேயே ஒரு பரிசு வைக்கலாம். ஒரு தார் வாழைப்பழம் போதும், அதுவும் அணியே பங்கு போட்டுச் சாப்பிட்டுவிடும்.

"வயசுப் பொண்ணுங்க ரோட்டுல ஓடுறதா?" என்பது இரண்டாவது. இது என் வீட்டிலேயே வந்தது. எங்கள் அப்பத்தாதான் கேட்டது. இத்தனைக்கும் அப்பத்தா தினமும் ஆட்டைப் பத்திக்கொண்டு கண்மாய் வரைக்கும் போய் வருகிறது. எங்கள் குடும்பத்திலேயே அந்த 60 நிமிடக் கணக்கைத் தாண்டுகிற ஒரே ஆள் அதுதான். இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனார்கள் என்று சொல்லி, பெண்கள் உடம்புக்கு இது ஆகாது என்று அதைத் தூக்கிவிட்டார்கள். மறுபடி வைத்தது 1960-ல். நடுவில் 32 வருஷம். ஆண்களும்தான் ஓடி முடித்துக் கீழே விழுகிறார்கள், அவர்கள் ஓட்டத்தை யாரும் எடுக்கவில்லை. பெண்களுக்கு மாரத்தான் வைத்ததே 1984-ல்தான். அதே 1984 ஒலிம்பிக்கில்தான் கேரளத்துப் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டார்.

நம் மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணியைப் பற்றி அப்பத்தாவிடம் சொன்னேன். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டி கூலி வேலை பார்த்து வளர்த்தார். வெறுங்காலோடு ஓடிப் பழகின அந்த அக்கா, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடுகிற கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அப்பத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கெழவி கெட்டிக்காரி" என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் சனிக்கிழமை காலையில் என்னை எழுப்பிவிட்டது அப்பத்தாதான்.

வீட்டில் விடாத தோழிகளுக்கு ஒரு வழி உண்டு. நாம் தனித்தனியாகப் போய்க் கேட்டால் விடமாட்டார்கள். அணியாகப் போய்க் கேட்க வேண்டும். ஒரு டீச்சரும் கூட வந்தால் பாதி வீடு சம்மதித்துவிடும். உடுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், பள்ளிச் சுடிதாரே போதும். துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி இடுப்பில் முடிந்துகொண்டால் காலில் சிக்காது. எங்களில் நாலு பேர் அப்படித்தான் ஓடினோம்.

"அரையாண்டுப் பரீட்சை வருதே" என்று ஆசிரியர்கள் சொல்வீர்கள். பரீட்சை நடக்கிற வாரத்தில் பயிற்சி வேண்டாம். மற்ற நாளில் அரை மணி நேரம் கேட்கிறோம். வாரத்தில் இரண்டு விளையாட்டுப் பீரியட் டைம்டேபிளில் இருக்கிறது. அது டைம்டேபிளில் மட்டும்தான் இருக்கிறது. கணக்கு டீச்சரும் ஆங்கில சாரும் மன்னிக்க வேண்டும். போர்ஷன் முடியவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஜனவரி வரைக்குமாவது அந்த இரண்டு பீரியடை எங்களுக்கே விட்டுவிட்டால், சத்தியமாக அல்ஜீப்ரா ஓடிப் போய்விடாது.

அடுத்து, யாருக்கும் ஆபத்து வரக் கூடாது. வீசிங் இருக்கிறவர்கள், இதயத்தில் ஏதாவது கோளாறு என்று டாக்டர் சொன்னவர்கள் கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும், மருந்தைக் கையோடு கொண்டு வர வேண்டும். டாக்டர் வேண்டாம் என்றால் நேரம் குறிக்கிற வேலை, தண்ணீர் கொடுக்கிற வேலை அவர்களுக்கு. அவர்களும் அணியில் உள்ளவர்கள்தான், பனியன் உண்டு. ஷூ எல்லாரிடமும் இல்லை. வெறுங்காலோடு ஓடலாம், ஆனால் கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக்கருவேல முள். முந்தின நாள் சாயங்காலம் கரையைக் கூட்டிவிட வேண்டும், ஒரு அணிக்கு அரை கிலோமீட்டர் என்று பிரித்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசி ஆளுக்குப் பின்னால் சைக்கிளில் ஒரு பெரியவர் வர வேண்டும்.

சாப்பாடு முக்கியம். போன வருஷம் வேறு பள்ளிப் பையன் ஒருவன் பால் சொசைட்டி பக்கம் மயங்கி உட்கார்ந்துவிட்டான். விசாரித்தால் முந்தின ராத்திரி சாப்பிட்டதுதான். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது, எங்களைப் போன்ற பெரிய பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடுதான் பள்ளிக்கு வருகிறோம். அதை யாரிடமும் சொல்லவும் மாட்டோம். ஆகவே ஓட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ அணி அணியாக உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். "யார் சாப்பிடலை?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் யாரும் கை தூக்கமாட்டார்கள். எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். இளைஞர் மன்றத்து அண்ணன்களுக்கு வேண்டுகோள்: போன வருஷம் மேடைக்கும் மைக்செட்டுக்கும் செலவழித்ததில் பாதியை இந்த வருஷம் இட்லிக்கு மாற்றினால் மிகவும் நல்லது.

கடைசியாக, சிரிப்பு. இதற்கு என்னிடம் யோசனை இல்லை. மெதுவாக ஓடுகிறவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று பிரேயரில் சொன்னால், அன்றைக்குத்தான் ரொம்பச் சிரிப்பார்கள். எனக்கே எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். அவள் பக்கத்தில் ஓடினபோது நின்றது. 29 நிமிடமும் அவள் மூச்சுச் சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. கரை ஏறும்போது அவள் முகம் எப்படிச் சிவந்தது என்று பார்த்தேன். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது தெரியாது.

பி.டி. சாருக்கு ஒரு விஷயம். புதன்கிழமை தேர்வில் ஓடச் சொல்லி என்னிடம் சொல்லியிருந்தீர்கள் சார். கோப்பை அணியில் ஒரு இடம் எனக்கு உண்டு என்றும் சொன்னீர்கள். சந்தோஷமாக இருந்தது சார். ஆனால் நான் அந்த அணியில் வரவில்லை. என் இடத்துக்கு எட்டாம் வகுப்பில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், என்னைவிட நன்றாகவே ஓடுகிறாள், அவளைப் பாருங்கள். நான் எங்கள் 29 நிமிட அணியில் இருக்கிறேன். ஜனவரிக்குள் 25 ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அணியில் சேர விரும்புகிறவர்களுக்காக ஒன்பதாம் வகுப்புக் கதவில் ஒரு சார்ட் தாள் ஒட்டியிருக்கிறேன். ஐந்து அணிக்கும் கட்டம் போட்டாச்சு. பேர், வகுப்பு, வீசிங் உண்டா இல்லையா, மூன்றும் எழுதினால் போதும். எவ்வளவு வேகம் என்று எழுத வேண்டாம், அந்தக் கட்டமே போடவில்லை. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், தயவுசெய்து யாரும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது என் அண்ணனுடையது. முதல் அணியில் இரண்டு பேர் எழுதிவிட்டோம். முதல் பேர் என்னுடையது இல்லை.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி